மூன்றாம் தசம இடத்தில் வெடிக்கும் பாட்டில்

பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவிலோ 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் புதிதாக இறங்குபவர்கள் பளபளக்கும் பாத்திரங்களைத்தான் முதலில் வாங்கிக் குவிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் செலவு நல்ல வெப்பமானிக்கும், திரவத்தில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டருக்கும்தான்.

முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டை உடைத்து, வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாவது அங்கேதான். வேலை செய்பவை இரண்டு நொதிகள். பீட்டா அமைலேஸ், மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாகக் கத்தரித்து மால்டோஸ் சர்க்கரையைத் தருகிறது. ஈஸ்ட்டுக்கு அது விருந்து. ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டுவதால், ஈஸ்ட் தொடாத பெரிய துண்டுகளும் மிஞ்சுகின்றன. முன்னதற்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் உகந்தது. 70ஐ நெருங்கினால் விரைவில் செயலிழந்துவிடும். பின்னதற்கு 70ஐ ஒட்டித்தான் சுறுசுறுப்பே வரும். அதனால் 64 டிகிரியில் ஊறிய மால்ட் இனிப்பு வற்றிய மெல்லிய பீராகும். அதே மால்ட் 69இல் ஊறினால் ஆல்கஹால் குறைந்து, நாக்கில் கனமாக நிற்கும். வித்தியாசம் ஐந்தே டிகிரி. மலிவான வெப்பமானியின் பிழையே அதில் பாதியை விழுங்கிவிடும். வெப்பத்துக்கும் இயக்க ஆற்றலுக்கும் உள்ள கணக்கை நுணுக்கமாக அளந்து காட்டிய ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

அடுத்தது அடர்த்தி. தண்ணீர் 1.000 என்றால், மால்ட் ஊறி இறங்கிய சாறு நொதிக்கும் முன் 1.050 காட்டும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன ஹைட்ரோமீட்டர் தாழ்ந்து, 1.010 அருகில் நிற்கும். இந்த இறக்கத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும்: ஐந்தேகால். இந்தக் கருவி பொதுவாக 20 டிகிரிக்கு அளவு குறிக்கப்பட்டது. 40 டிகிரிச் சூட்டில் சாற்றில் மிதக்கவிட்டால் 1.050 என்பது 1.044 ஆகத் தெரியும்.

இந்தப் பிழைகளெல்லாம் சுவையைக் கெடுப்பதோடு போய்விடும். பாட்டிலில் அடைக்கும்போதுதான் கண்ணாடி சிதறும் அபாயம். நுரைக்காக லிட்டருக்கு ஆறு கிராம் அளவில் சர்க்கரை சேர்த்து மூடுவது வழக்கம். அதில் பிறக்கும் கார்பன் டையாக்சைடும், பீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதும் சேர்ந்தால், பீரின் கொள்ளளவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு வாயு ஆகும். பாட்டில் அதைத் தாங்கும். ஆனால் 1.010க்கு இறங்கவேண்டிய பீரை, குமிழி அடங்கிவிட்டதே என்று நம்பி 1.014இலேயே அடைத்துவிட்டால்? மூன்றாம் தசம இடத்தில் மிச்சம் இருக்கும் அந்த நான்கு புள்ளிகளே, பீரின் கொள்ளளவைப்போல் மேலும் இரண்டு மடங்கு வாயுவைக் கிளப்பும். மெல்லிய பாட்டில் அந்த அழுத்தத்தில் வெடிக்கக்கூடும்.

அதனால்தான் அனுபவசாலிகள் குமிழியை நம்புவதில்லை. சில நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, எண் அசையாதிருந்தால் மட்டுமே மூடியைக் கையில் எடுக்கிறார்கள். சர்க்கரையும் கரண்டிக் கணக்கில் வேண்டாம். பொடித்ததும் பரல் சர்க்கரையும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. தராசில் கிராமாக நிறுத்து, மொத்தப் பீரிலும் சீராகக் கலந்த பிறகே பாட்டில்களில் ஊற்ற வேண்டும்.