ஹெல்மெட் இன்டர்காம்: இரைச்சல் குறைவது யார் காதுக்கு?

ஆனி, ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் ‘காதுக்குள் ஙொய்யென்று இரைகிறது’ என்று வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். செவித்திறன் பரிசோதனை செய்து பார்த்தால் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம், அதாவது கீச்சென்ற அந்த ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில், பஞ்சாலை இயந்திரங்களுக்கு நடுவே காலம் தள்ளி ஓய்வு பெற்ற பெரியவர்களிடம்தான் இந்தப் பள்ளத்தைப் பார்ப்பேன். இப்போது அதைச் சுமந்து வருகிறவர்களுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், தவணை வசூலுக்குப் போகிறவர்கள். காலையில் பாளையங்கோட்டையில் கிளம்பி நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று சுற்றிவிட்டு இருட்டிய பிறகு வீடு சேர்கிறவர்கள். கையில் ஹெல்மெட். அதன் இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. ஹெல்மெட்டுக்குள்ளேயே பாட்டுக் கேட்கவும், செல்போனிலும் இன்னொரு ஹெல்மெட்காரரோடும் பேசவும் உதவும் இன்டர்காம்.

போன வாரம் வந்த தம்பியிடம் அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டேன். அவர் எனக்கே பாடம் எடுத்தார். “சார், இது சாதாரண ஹெட்செட் இல்லை. நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கிறது. காதை ஒன்றும் செய்யாது.” இதே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குறை சொல்வதற்கு முன் அந்தப் பெட்டியை நாமும் மாட்டிப் பார்க்க வேண்டாமா? இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒன்றை வாங்கி, முகத்தை முழுவதும் மூடும் என் ஹெல்மெட்டில் பொருத்தினேன். வீட்டிலிருந்து மருத்துவமனை, அம்பாசமுத்திரத்தில் உறவினர் வீடு, தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம், சாரலில் பாபநாசம் என்று வழக்கமாகப் போகும் இடங்களுக்கெல்லாம் அதோடுதான் போனேன்.

நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை. வண்ணாரப்பேட்டையிலும் சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்திலும் நாற்பதுக்கு மேல் போக யாரும் வழிவிடப் போவதில்லை. அந்த வேகத்தில் வழிகாட்டும் குரல் தெளிவாகக் கேட்கிறது. செல்போன் திரையைக் குனிந்து பார்க்கும் வேலை மிச்சம். மனைவியின் ஹெல்மெட்டிலும் ஒன்றை மாட்டியபோது, வர்ணம் அழிந்துபோன வேகத்தடைகளை அவர் எனக்கு முன்பே பார்த்துச் சொன்னார். செல்போனைக் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே சமாதானபுரம் முழுவதையும் கடந்து போகும் ஆட்களைப் பார்க்கும்போது, இந்தப் பெட்டி எவ்வளவோ மேல் என்றே தோன்றுகிறது. இரண்டு வண்டிகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் எட்டும் என்று கடைக்கார அண்ணாச்சி சொன்னதை மட்டும் மறந்துவிடுங்கள். சேரன்மகாதேவிச் சாலையில் ஒரு வளைவும் நாலு மருதமரமும் குறுக்கே வந்தால் பேச்சு அறுந்துவிடுகிறது.

கே.டி.சி. நகரில் நாற்கரச் சாலை ஏறிய பிறகுதான் விவகாரம். வீட்டு வாசலில் பாதி ஒலியே அதிகமாகத் தோன்றிய அதே பெட்டியில், வண்டி எழுபதைத் தொட்டதும் முழு ஒலி வைத்தும் பாட்டின் வரிகள் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து என் தம்பி கூப்பிட்டான். “வண்டியில் போகிற மாதிரியே இல்லையே அண்ணே, வீட்டுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது” என்றான். எனக்கோ அவன் பேச்சு பாதிதான் கேட்டது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இரைச்சல் நீக்கம் யாருக்காக என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த விலையில் வரும் இன்டர்காம்களில் அந்த வசதி மைக்கில் வேலை செய்கிறது. உங்கள் வாய்க்கு எதிரே இருக்கும் மைக்கில் குரலும் காற்றும் சேர்ந்து விழுகின்றன. உள்ளே இருக்கும் சில்லு காற்றை வடிகட்டிவிட்டுக் குரலை மட்டும் அனுப்புகிறது. அதனால் பயனடைகிறவர் மதுரையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ‘இன்றைக்கு எத்தனை கடை முடித்தாய்’ என்று கேட்கும் உங்கள் மேலாளர். உங்கள் காதில் அடிக்கும் காற்று ஒரு டெசிபல்கூடக் குறைவதில்லை.

விமானப் பயணத்துக்கு வாங்குகிறார்களே, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன், அது வேறு ஜாதி. வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, அதற்கு எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள்ளேயே அடக்கப் பார்ப்பது அது. உங்கள் ஹெல்மெட்டில் இருப்பது காதை மூடாமல், மெத்தைத் துணிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வட்டமான ஒரு ஸ்பீக்கர். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒலியைக் கூட்டுவதுதான். காற்று கூடக் கூட நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். காற்று காற்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் பாட்டு ஏறி உட்காருகிறது. காது இரண்டையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறது. நம்பிக்கை வரவில்லை என்றால் பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட்டு, பெட்டியை இயக்கிக் கொஞ்ச தூரமும் அணைத்துக் கொஞ்ச தூரமும் அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். காற்றின் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது.

அந்தக் காற்று எவ்வளவு என்று பலருக்கும் தெரியாது. சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எஞ்சின் சத்தத்தைக் காற்றுச் சத்தம் விழுங்கிவிடும். ஹெல்மெட்டுக்குள்ளேயே அது 90 டெசிபல் அளவுக்கு வந்துவிடுகிறது. 100 கிலோமீட்டரில் 95ஐத் தாண்டும். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ‘என் வண்டிக்குச் சத்தமே கிடையாது’ என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். ஹெல்மெட் போட்டிருந்தால் காது தப்பிவிடும் என்பதும் சரியில்லை. இந்தச் சத்தம் பெரும்பாலும் தாடைக்குக் கீழே, கழுத்தோரம் சுழலும் காற்றிலிருந்து பிறக்கும் தாழ்ந்த ஒலி. ஹெல்மெட் அதைத் தடுப்பது சொற்பம். (அதனால் ஹெல்மெட் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். கையில் மாட்டிக்கொண்டு வந்தவர்களின் மண்டையோட்டு எலும்பு முறிந்து, காதிலிருந்து ரத்தம் வடிவதைப் பார்த்திருக்கிறேன்.)

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு. மூன்று டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகும், அனுமதிக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். காற்றே 95 என்றால், அதைத் தாண்டிக் கேட்பதற்குப் பாட்டை எங்கே வைத்திருப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு என்று ஒரு கூடுதல் வினையும் உண்டு. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதை நம்பித்தான் ஆலங்குளம் பக்கமும் பணகுடி, ராதாபுரம் பக்கமும் இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். ஆடி மாதம் ஆலங்குளத்திலிருந்து தென்காசி நோக்கி மேற்கே போகிறீர்கள். வண்டியின் முள் 60 காட்டுகிறது. எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. உங்கள் காதைப் பொறுத்தவரை அது 100. ‘நான் அறுபதுக்கு மேல் போனதே இல்லை சார்’ என்று சொல்லும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. காது கேட்பது காற்றைத்தான், வண்டியின் முள்ளை அல்ல. பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை பக்கக்காற்று ஹெல்மெட்டை இழுத்துத் திருப்பும். அங்கே பாட்டுக் கேட்கவேண்டிய அவசியம் யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

வண்டியை விட்டு இறங்கியதும் காது அடைத்தது போல் இருந்து, இரவில் இரைந்து, காலையில் சரியாகிவிடுகிறதா? சரியாகிவிட்டது என்று நினைத்து மறுநாளும் போகிறீர்கள். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பள்ளம் ஆழமாகும்போது ‘காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை’ என்பீர்கள். ச, த, ஸ போன்ற ஒலிகள் நழுவும். குழந்தை பேசுவதும் கூட்டத்தில் மனைவி பேசுவதும் பிடிபடாது. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கூடும், சண்டையும் கூடும். மாத்திரை எதுவும் அந்தச் செல்களைத் திருப்பித் தராது. இதைச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பது எனக்கு ஒன்றும் சுகமான வேலையில்லை.

நெடுஞ்சாலையில் போகும்போது காதுக்குள் ஃபோம் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்தான். சுத்தமான விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சரியாகப் பொருந்தினால் 20 டெசிபலுக்கு மேல்கூடக் குறையும். பஞ்சு உருண்டை இந்த வேலையைச் செய்யாது.

“பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்காமல் போய்விடுமே?” என்று தவறாமல் கேட்பார்கள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் லாரி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறதா? அடைப்பான் காற்றையும் ஹார்னையும் சேர்த்தே குறைக்கிறது. காற்றை மீறி ஹார்ன் எழும் அளவு பெரிதாக மாறுவதில்லை. இன்டர்காமிலும் அப்படியே. அடைப்பானோடு நாங்குநேரி வரை போனபோது, அதற்கு முன் புரியாத வழிகாட்டிக் குரல் எனக்குப் புரிந்தது. மிகுந்த சத்தத்தில் காதே திணறிப்போகிறது. அந்தத் திணறல் நீங்கியதும் பேச்சு தெளிகிறது. ஊருக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுங்கள், அங்கே தேவையில்லை. கழுத்தைச் சுற்றித் துண்டையோ கைக்குட்டையையோ இறுக்கமாகக் கட்டினாலும் கீழிருந்து ஏறும் காற்று கொஞ்சம் குறையும். முனை பறக்காமல் சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

பொருத்துவதில் நடக்கும் கூத்து தனி. ஸ்பீக்கர் காதில் அழுத்துகிறது என்று ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோலைக் கத்தியால் குடைந்து இடம் செய்திருந்தார் ஒருவர். அந்தத் தெர்மாகோல்தான் ஹெல்மெட். மேலே இருக்கும் ஓடு சிதறாமல் பார்த்துக்கொள்ளும். அடியை வாங்கி நசுங்கி உங்கள் மூளையைக் காப்பது தெர்மாகோல். குடைந்த ஹெல்மெட்டைக் குப்பையில் போடுங்கள். காதுக்கு நேரே ஸ்பீக்கர் வைக்கக் குழிவு உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து அந்த முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். ஸ்பீக்கர் காது மடலை அழுத்தக்கூடாது. காதுத் துளைக்கு நேரே இருக்க வேண்டும். அரை அங்குலம் பின்னால் ஒட்டிவிட்டு, கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறவர்கள் நிறையப் பேர். சித்திரை வெயிலில் கண்ணாடியில் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. வியர்வை ஊறிய மெத்தையை வாரம் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். காதில் பூஞ்சைத் தொற்றோடு வருகிறவர்களில் பாதிப்பேர் அரிப்பெடுத்ததும் வண்டிச் சாவியையே உள்ளே விட்டுக் குடைந்திருப்பார்கள். சாவி!

அடுத்தது அழைப்புகள். பல மலிவுப் பெட்டிகளில், நாம் தொடாவிட்டாலும் சில விநாடிகளில் அழைப்பு தானாக இணைந்துவிடும். நெல்லையப்பர் கோயில் பக்கம் மாடும் ஆட்டோவும் குறுக்கே வரும்போது மைத்துனரின் நிலப் பிரச்சினை காதுக்குள் திறக்கிறது. முடிந்தால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். முடியாத பெட்டி என்றால் கிளம்பும் முன் செல்போனில் அழைப்பைத் தடுத்து வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு கையில் பிடிக்கும் கருவியைத்தான் சொல்கிறது, இது கையில் இல்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. போலீஸ்காரரிடம் அந்த வாதம் செல்லலாம். கவனம் சிதறுவது கையால் மட்டுமா?

மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பையன் ‘வண்டியில் இருக்கிறேன் சார்’ என்று சொன்னால், ‘சரி, நிறுத்திவிட்டுக் கூப்பிடு’ என்று வைத்துவிடுங்கள். அவன் குரல் தெளிவாகக் கேட்பதால் அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று எண்ணாதீர்கள்.

தொழில்முறையாக வண்டி ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலியில்லை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் அது வேறு கதை. காற்று அடைத்திருக்கும், தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் ஊற்றாதீர்கள், அம்மா சொன்னாலும் சரி. அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் செவித்திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் கழித்து வந்தால் எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு.