கடும் பனிப்பொழிவில் வீடும் உடலும்: ஒரு குடும்ப மருத்துவரின் அனுபவக் குறிப்புகள்

கடும் பனிப்பொழிவு குறித்த எச்சரிக்கை வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது சரியான காரியமே. பயணங்களைத் தள்ளிவைக்கிறார்கள், வேண்டிய பொருட்களை வாங்கி வைக்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார்கள். இருந்தும், பனி கொட்டிய மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் என்னைப் போன்ற குடும்ப மருத்துவர்களிடம் வருவோரில் கணிசமானவர்கள் தம் வீட்டு எல்லையையே தாண்டாதவர்கள். வாசலில் பனி அள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூடிய வீட்டுக்குள் நச்சுக்காற்றைச் சுவாசித்துத் தலைவலியோடு வந்தவர், வாரக்கணக்கில் வெளிச்சம் காணாமல் மனம் துவண்டுபோனவர் என்று அவர்கள் பல வகை. பனிக்காலத்துக்கு ஏற்றபடி வீட்டு வழக்கத்தை மாற்றிக்கொண்டால் இந்தத் துன்பங்களில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பனி அள்ளுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பஞ்சுபோலத் தெரியும் பனியின் எடையை யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ வரை இருக்கும். ஈரம் கலந்து படிந்த பனி 300 கிலோவையும் தாண்டும். 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள வண்டிப்பாதையில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்திருந்தால் அது 6 கன மீட்டர். உலர்ந்த பனியானால் 600 கிலோ, ஈரப்பனியானால் 1,800 கிலோ. மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்த ஒருவர், விடிந்தும் விடியாததுமாக, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஏறத்தாழ இரண்டு டன் எடையைக் கையால் அள்ளி எறியத் தொடங்குகிறார்.

அப்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குளிர் பட்டவுடன் தோலிலும் கைகால்களிலும் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஏற்கெனவே கொழுப்புப் படிந்து குறுகியிருந்தால், அவையும் குளிரில் மேலும் இறுகக்கூடும். ஷவலைப் பனிக்குள் செருகி, கால்களை ஊன்றி அசையாமல் நின்று, மூச்சை அடக்கிச் சுமையைத் தூக்கி, இடுப்பைத் திருகித் தோளுக்கு மேலே எறிகிறோம். நடக்கும்போது இயங்குவதைப் போலக் கால் தசைகள் இயங்காததால் அங்கிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மூச்சை அடக்குவதால் அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. அதே அளவு வேலையைக் கால்களால் செய்வதைவிடக் கைகளால் செய்யும்போது இதயம் அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, மாரடைப்பு இயல்பாகவே அதிகம் நிகழும் நேரமும் காலை வேளைதான்.

இது வெறும் ஊகம் அல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் பனிப்பொழிவு விவரங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. பனி விழாத நாளோடு ஒப்பிட்டால், 20 சென்டிமீட்டர் பனி விழுந்ததற்கு மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடுதலாக இருந்தன. பெண்களிடம் அத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. பனி அள்ளும் வேலையைப் பெரும்பாலும் ஆண்களே செய்வது இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஆகவே, இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் பனி அள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘மெதுவாகத்தான் செய்வேன் டாக்டர்’ என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. நடுத்தர வயதைத் தாண்டிய, உடற்பயிற்சிப் பழக்கமில்லாதவர்களும் புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் பக்கத்து வீட்டு இளைஞரிடம் உதவி கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. மற்றவர்கள், பனி முழுவதும் கொட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல், விழ விழ இடையிடையே தள்ளிவிடுவது நல்லது. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து கைகால்களை இளக்கிக்கொண்டு, மூக்கையும் வாயையும் மறைத்து ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு வெளியே வரலாம். தூக்குவதைவிடத் தள்ளுவது மேல். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஷவலில் பாதி மட்டும் நிரப்பி, முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்தால் வேலை ஒன்றும் கெட்டுவிடாது. பனி அகற்றும் வண்டி சாலையோரமாகத் தள்ளிவிட்டுப் போகும் மேடு மிகவும் கெட்டிப்பட்டது, எடை கூடியது. களைத்துப்போன நிலையில் கடைசியாக அதை நெருங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. இயந்திரம் கொண்டு பனி அகற்றுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பனி சிக்கிக்கொண்டால், என்ஜினை நிறுத்திய பிறகும்கூட, கையை உள்ளே விடாதீர்கள். அடைப்பு நீங்கும் கணத்தில், இறுகியிருந்த சுழல் தகடு ஒரு சுற்றுச் சுற்றினாலும் விரல்கள் போய்விடும். இதற்கென உள்ள கட்டையையோ ஒரு கம்பையோதான் பயன்படுத்த வேண்டும்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வேலைக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், குளிரிலும் வழியும் வியர்வை, குமட்டல், திடீர் அசதி ஆகியவற்றில் எது வந்தாலும் ஷவலை அங்கேயே போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு மிச்சமிருப்பதை அள்ளி முடித்தவர்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. பனி நாளில் ஆம்புலன்ஸ் வந்து சேரவே வழக்கத்தைவிட நேரமாகும் என்பதால், கூப்பிடத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் இரட்டை நட்டமாகிறது.

அடுத்தது வீட்டுக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்துசெல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. எரிவாயுவாலோ எண்ணெயாலோ இயங்கும் ஹீட்டரின் புகை வெளியேறும் குழாய் பல வீடுகளில் பக்கச்சுவரில், தரைக்குச் சற்று மேலேதான் இருக்கும். காற்றடித்துக் குவியும் பனியோ, வாசலில் அள்ளி நாமே எறிந்த பனியோ அதை மூடிவிட்டால் வெளியேற வேண்டிய வாயு வீட்டுக்குள்ளேயே தேங்கும். பாதிக்கப்பட்டவர்கள் எங்களிடம் வரும் விதமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல்; ஆனால் காய்ச்சல் இல்லை, தொண்டைவலி இல்லை. வெளியே போனால் தேவலை, வீட்டுக்குத் திரும்பினால் மறுபடியும் தொடங்குகிறது. இதை ஃப்ளூ என்று நினைத்து, சன்னல்களை இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொண்டு படுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. வீட்டில் வைத்திருக்கும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து மனநிறைவு அடையவும் கூடாது. அந்தக் கருவியால் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்தறிய முடியாது என்பதால், ஆபத்தான நிலையிலும் அது இயல்பான எண்ணையே காட்டும். சந்தேகம் வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவியை அழைக்க வேண்டும்.

பனி விழுந்த ஒவ்வொரு காலையும், வாசலைத் தொடுவதற்கு முன்பே அந்தப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை விலக்குங்கள். மின்சாரம் போனால் ஓட்டும் ஜெனரேட்டர், கதவிலிருந்தும் சன்னலிலிருந்தும் குறைந்தது 6 மீட்டராவது தள்ளித் திறந்த வெளியில் இருக்க வேண்டும். கராஜின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான எண்ணம். கரி அடுப்பை எந்தக் காரணம் கொண்டும் அறைக்குள் எரிக்கக் கூடாது. பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சைலன்சரின் வாயை முழுவதும் திறந்துவிட வேண்டும். அப்பா பனியை விலக்கி முடிக்கும் வரை கதகதப்பாக இருக்கட்டும் என்று ஓடும் காருக்குள் குழந்தைகளை உட்காரவைத்து அவர்களை இழந்த குடும்பங்கள் உண்டு. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்திலும், குறிப்பாகப் படுக்கையறைகளின் அருகில், கட்டாயம் இருக்க வேண்டும்.

அறையின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. மைனஸ் 10 டிகிரியில் உள்ள வெளிக்காற்றை வீட்டுக்குள் இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கில் இரத்தம் கசிவதும், தோல் வெடிப்பதும், இருமல் நீடிப்பதும் இந்த வறட்சியால்தான். 30 முதல் 40 சதவீதம் வரை ஈரப்பதம் இருந்தால் போதுமானது. அதை மிஞ்சினால் சன்னலோரங்களில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

குழந்தைகள் பனியில் விளையாடட்டும். நனைந்த கையுறையையும் காலுறையையும் உடனுக்குடன் மாற்றிவிட்டால் போதும். சாலையோரப் பனிக்குவியலில் குகை தோண்டுவதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. குகை சரியவும் கூடும், உள்ளே குழந்தை இருப்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாமலும் போகும். விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, பனியைக் கொண்டு தேய்ப்பது இன்னும் மோசம்; 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும்.

இனி மனத்தின் நிலை. குளிர்கால வெளிச்சக் குறைவால் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் மருத்துவ உலகுக்கு விவரித்தார்கள். அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்களின் மேல் அடங்காத ஆசை, எடை கூடுதல், யாரையும் பார்க்கப் பிடிக்காமை ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைச் சோம்பல் என்று வீட்டார் கடிந்துகொள்வதைக் கேட்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், விளக்கேற்றிய அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சமே இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே நண்பகலையொட்டி அரை மணி நேரம் வெளியே நடப்பது பெரிய மருந்து. சறுக்காத காலணியும், வெயில் அடித்தால் கருப்புக் கண்ணாடியும் வேண்டும், ஏனெனில் புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தேவைப்படுவோருக்கு, காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அமரும் சிகிச்சை உண்டு. இருதுருவ மனநிலைக் கோளாறோ (மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) கண் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

இதோடு சேர்த்து நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி, ‘பனி நாட்களில் உங்கள் கை என்ன செய்கிறது?’ என்பது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் நேரத்தை விழுங்குமே தவிர, மனச்சோர்வின் பிடியைத் தளர்த்துவதை நான் அதிகம் பார்த்ததில்லை. கையால் செய்யக்கூடியதாகவும், நாளுக்கு நாள் வளர்வது கண்ணுக்குத் தெரிவதாகவும், எங்கோ ஒருவர் அதற்காகக் காத்திருப்பதாகவும் இருக்கும் பொழுதுபோக்கே உதவுகிறது: பேரப்பிள்ளைக்குப் பின்னும் ஸ்வெட்டர், தொலைபேசி வழியாக நண்பரோடு ஆடும் சதுரங்கம், உடைந்த நாற்காலியைச் செப்பனிடுதல், சன்னலுக்கு வெளியே தீனி வைத்து வரும் பறவைகளைக் குறித்துக்கொள்ளுதல், பாட்டோ வாத்தியமோ கற்றுக்கொள்ளுதல். மனம் வரும்போது செய்துகொள்ளலாம் என்று விட்டால் மனம் வரவே வராது என்பதால், காலையில் சன்னலோரமாக ஒரு குறித்த நேரத்தை அதற்கென ஒதுக்கச் சொல்கிறேன். அதே சமயம், அடைத்த அறையில் வார்னிஷ் பூசுவதும், பிசின் வார்ப்பதும், ஈயம் பற்றவைப்பதும், மரம் இழைப்பதும் நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய வேலைகளை வெயில் காலத்துக்குத் தள்ளிவிட்டு, நீரில் கரையும் வண்ணங்களோடும் கைத்தையலோடும் குளிர்காலத்தைக் கழிக்கலாம். மணிக்கணக்கில் பின்னுபவர்களுக்குப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போனால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று பொருள். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்துக் கையை நீட்டி மடக்க வேண்டும்.

தினமும் சாப்பிடும் மருந்துகள் குறைந்தது ஒரு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினை இளகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது என்பதால், அதைக் காரிலோ குளிரும் சன்னல் விளிம்பிலோ வைக்காதீர்கள். தனியாக வாழும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், பனி நாட்களில் காலையும் மாலையும் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். ‘நலமா?’ என்று கேட்டால் ‘நலம்’ என்ற பதிலே வரும். அறையின் வெப்பமானி இப்போது எத்தனை காட்டுகிறது, கடைசியாக எப்போது சூடாகச் சாப்பிட்டீர்கள், இன்றைய மாத்திரையைப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். பதில் குழறலாகவோ வழக்கத்துக்கு மாறான மந்தமாகவோ இருந்தால், உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும் என்று கருதி உடனே அவசர உதவியை அழைத்துவிட்டு, பாதுகாப்பாகச் செல்ல முடியுமானால் நேரில் போய்ப் பாருங்கள்.