நண்பர் கொடுத்த சம்மதத்தில் நம் தகவலும் போகிறது

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரசார நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் தகவல் போகக் காரணமான செயலியை, இந்தியாவில் தங்கள் கணக்கோடு இணைத்தவர்கள் 335 பேர்தான். அதனால் தகவல் வெளியே போயிருக்கக்கூடியவர்களோ 5,62,455 பேர். 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனமே சொன்ன கணக்கு இது. தகவல் பாதுகாப்பு வழக்குகளுக்காக என்னிடம் வருபவர்களுக்கு இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் சொல்வேன்.

இந்த விவகாரத்தைப் பலர் 'ஹேக்கிங்' என்றே நினைக்கிறார்கள். பூட்டு எதுவும் அங்கே உடைக்கப்படவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன், ஆளுமையைக் கணிக்கும் வினாடிவினா வடிவில் அந்தச் செயலியை உருவாக்கினார். உலகம் முழுக்க அதில் சேர்ந்தவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர். ஆனால் 8.7 கோடிப் பேர் வரை தகவல் போனது. ஒருவர் அனுமதித்தால் அவருடைய நண்பர்களின் ஊர், பிறந்தநாள், விருப்பங்கள் வரை செயலி எடுத்துக்கொள்ள ஃபேஸ்புக்கின் அன்றைய விதிகளே இடம் தந்தன. அதைத் தடுக்க ஃபேஸ்புக்கில் ஓர் அமைப்பு (செட்டிங்) இருந்தது, உண்மைதான். எங்கோ உள்ளே கிடந்த அதைத் தேடிப்போய் மாற்றியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆய்வுக்கு என்று வாங்கிய தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் கைக்குப் போனது விதிமீறல். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2015 டிசம்பரில் கார்டியன் நாளிதழ் இதை எழுதியபோதே ஃபேஸ்புக்குக்குத் தெரியும். தகவலை அழித்துவிட்டோம் என்ற உறுதிமொழியைக் கோகனிடமும் அந்த நிறுவனத்திடமும் வாங்கி வைத்துக்கொண்டு, பயனர்களிடம் மட்டும் 2018 வரை சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு உடனே சொல்வது அறத்தின் முதல் படி என்றே நான் கருதுகிறேன்.

ஃபேஸ்புக்குக்கு என்ன தண்டனை? பிரிட்டனில் 5 லட்சம் பவுண்டு அபராதம். பழைய சட்டத்தில் அதுதான் உச்சவரம்பு. அமெரிக்காவில் 2019இல் 500 கோடி டாலர். 2012இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் பிறப்பித்த உத்தரவை மீறியதற்காக. இங்கே 2021 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மீது சிபிஐ வழக்குப் பதிந்தது.

நம் 2023ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதே சிக்கலைத் தொடுகிறது. மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களைக் கேட்டு, நீங்கள் சம்மதித்தாலும், சேவைக்குத் தேவையில்லாத அந்தத் தகவலுக்குச் சம்மதம் செல்லாது என்று அதன் 6ஆம் பிரிவு உதாரணமே தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு.

ஆனால் சொந்த உபயோகத்துக்காகத் தகவலைக் கையாளும் தனிநபரை இச்சட்டம் தொடாது. ஆகவே, தன் போனில் உள்ள நம் எண்ணைச் செயலிக்குத் திறந்துவிடும் நண்பரின் கவனத்தைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. கடன் செயலிகளால் அவமானப்பட்டு என்னிடம் வருபவர்களில் பலர் கடன் வாங்கியவர்களே அல்ல. வாங்கியவரின் போனில் எண் இருந்த சித்தப்பா, தோழி, பழைய மேலாளர். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. அப்படியும் ஒரு செயலி கேட்டால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பது அடுத்தவர்களின் எண்கள்.

அப்புறம், ஃபேஸ்புக் அமைப்புகளில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' பகுதியைத் திறந்து, மறந்துபோன பழைய செயலிகளை நீக்குங்கள். நீக்கினால் மட்டும் ஏற்கெனவே எடுத்த தகவல் அழியாது. அழிக்கச் சொல்லிச் செயலியை நடத்துபவருக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள், கேட்டதற்கான நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.