ஒருக்கா வந்தது, இனி வராதுதானே?

மாரி மழை ஓய்ந்து, பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்துபோகும் நாட்களில் என் கிளினிக் வாங்கில் காய்ச்சல்காரர் கூடிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் அதுதான் டெங்குக் காலம். அப்படியொரு காலை, ஒரு அம்மா மகளைக் கூட்டி வந்தார். காய்ச்சல் தொடங்கி நான்காம் நாள்.

"இரவே காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர். சோர்வு மட்டும்தான். கம்பஸில படிக்கேக்க இவளுக்கு ஒருக்கா டெங்கு வந்தது. இனி வராதுதானே?"

பிள்ளை சுவரில் சாய்ந்திருந்தாள். கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. விடியத்திலிருந்து மூன்று தரம் சத்தி, மேல்வயிற்றில் நோ. முந்தநாள் இரத்த அறிக்கையில் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 36 சதவீதம். அன்று எடுத்துப் பார்த்தால் 44. இரத்த நாளங்கள் கசிந்து, நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்குமாக இறங்குகிறது. மிஞ்சிய இரத்தம் தடிக்கிறது. இந்தக் கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம் வாட்டில் வைத்துப் பார்க்கவேண்டிய நேரம். உடனே 1990 அம்புலன்ஸை அழைத்தோம்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து மாறினால் அந்த வகை திரும்ப வராது. மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள் மட்டும் ஓரளவு தடை இருக்கும். அப்புறம் வேறொரு வகை வந்தால், முதல் தடவையைவிடக் கடுமையாகவும் வரலாம்.

இதை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர். 1960களில் பாங்கொக்கில் இரத்தக்கசிவுக் காய்ச்சலோடு வந்த குழந்தைகளைப் பார்த்தபோது, கடுமையாக விழுந்தவர்கள் இரண்டு கூட்டமாக இருந்தார்கள். ஒன்று, ஏற்கெனவே டெங்கு கண்ட பிள்ளைகள். மற்றது, ஒரு வயது கூட நிரம்பாத, அதுதான் முதல் டெங்கு என்கிற கைக்குழந்தைகள். இருவருக்கும் என்ன பொது? முன்பு டெங்கு கண்ட பிள்ளையின் உடம்பில், அந்த வைரஸை எதிர்க்க உடம்பே செய்த எதிர்பொருள் இருந்தது. கைக்குழந்தையின் உடம்பில் தாயிடமிருந்து வந்த டெங்கு எதிர்பொருள் இருந்தது. காக்கவேண்டிய பொருளே, அளவு குறைந்து அரைகுறையாக நிற்கும்போது, நோயை வளர்க்கிறதா என்று அவர் கேட்டார்.

1977இல் ஆய்வுகூடத்திலும் காட்டினார். பழைய எதிர்பொருள் புதிய வகை வைரஸில் ஒட்டும், ஆனால் அதை முடக்காது. எதிர்பொருளின் வாலைப் பிடித்து உள்ளிழுப்பது வெள்ளணுக்களில் ஒரு வகையின் வேலை. அதனோடு வைரஸும் உள்ளே போய்ப் பெருகிவிடும். காவலுக்கு விட்டவனே கள்ளனுக்குப் படலை திறந்த கதை. பலர் நெடுநாள் இதை ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கி 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி போட்டபோதும் அவர் எச்சரித்தார். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் டெங்கு மாதிரி ஆகிவிடலாம் என்பதுதான் பயம். 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அந்த ஆபத்தை ஒத்துக்கொண்டது.

நம்மூரிலோ எல்லாரும் பிளேட்லெட்டைத்தான் எண்ணுகிறார்கள். காலையில் எடுத்த எண்ணிக்கை மத்தியானத்துக்குள் கனடாவிலுள்ள சித்தப்பா வரை வைபரில் போய்விடுகிறது. அங்கிருந்து பப்பாசி இலைச்சாறு கொடுக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. பிளேட்லெட் குறைவதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் என் கண் முதலில் போவது பி.சி.வி.க்கு. அதன்பிறகு, பிள்ளை கடைசியாக எப்போது சலம் போனாள் என்று கேட்பேன். ஆறு மணித்தியாலமாக இல்லையென்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. பாமசியில் வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பின்பக்கம் வைக்கிற மருந்து எதுவும் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். முன்பு டெங்கு வந்திருந்தால் டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லுங்கள். அந்த அம்மாவும் சொன்னார்தான், ஆனால் ஆறுதலுக்காக.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்தாம் நாள் பிள்ளை வீடு திரும்பினாள். அடுத்த கிழமை இருவரும் வந்தார்கள். அம்மா கைவிரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இன்னும் ரெண்டு வகை மிச்சம் இருக்கு, என்ன டொக்டர்?"