கத்தி பட்டால் புற்று பரவும் என்று யார் சொன்னது?

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் காரில் கொண்டுவந்தார்கள். காலடியில் ஒரு காலி பெயிண்ட் வாளி. வழியெல்லாம் அதில்தான் வாந்தி. எட்டிப் பார்த்தேன், முருங்கைக்காய்ச் சக்கை கிடந்தது.

"முருங்கைக்காய் எப்ப சாப்பிட்டார்?"

"முந்தாநாள் மத்தியானம் சார், சாம்பார்ல" என்றார் மகன்.

முந்தாநாள் தின்றது இன்று அப்படியே வந்தால் இரைப்பையின் வெளிவாசல் அடைத்திருக்கிறது என்று பொருள். வயிற்றை லேசாக அசைத்தால் பாதி நிறைந்த குடம் போலச் சளக்கென்றது. மூக்குக் குழாய் விட்டதும் இரண்டு லிட்டருக்கு மேல் வடிந்தது.

அதுகூட என்னைக் கோபப்படுத்தவில்லை. மகன் மஞ்சப்பையிலிருந்து எடுத்த பழைய ரிப்போர்ட்தான் கோபப்படுத்தியது. இரண்டு மாதத்துக்கு முன்பே எண்டோஸ்கோப்பி செய்து, சதை எடுத்துப் பார்த்து, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்று, பரவவில்லை, அறுவை செய்து எடுக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. இவர்கள் நாட்டு மருந்துக்குப் போய்விட்டார்கள். "கத்தி பட்டா பரவிடும்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க சார். இப்பவும் கத்தி வேணாம், குழா மட்டும் வச்சு விட்டுடுங்க." இந்த மாதத்தில் இந்த வசனத்தை நான் கேட்பது மூன்றாவது முறை.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எல்லாத் தெருவிலும் ஒரு கதை இருக்கிறது: மாமாவுக்கு வயிற்றைத் திறந்தார்கள், அப்படியே மூடினார்கள், இரண்டு மாதத்தில் போய்விட்டார். திறந்ததால் போனார் என்று ஊர் முடிவுகட்டிவிடும். திறந்தபோதே ஈரலிலும் வயிற்றுச் சவ்விலும் பரவியிருந்தது, அதனால்தான் மூடினார்கள். காற்றுப் பட்டும் பரவாது, கத்தி பட்டும் பரவாது. கட்டியைக் கையாளும்போது செல் சிதறாமல் பார்த்துக்கொள்வது அறுவை மருத்துவருக்கு அரிச்சுவடிப் பாடம். பரவ வைப்பது நாள்தான். இந்தப் பெரியவருக்கு இப்போது சி.டி. ஸ்கேனில் ஈரல் முழுக்கப் புள்ளிகள், வயிற்றில் கொஞ்சம் நீர், எடை 14 கிலோ குறைவு. இரண்டு மாதமாக அவர் மேல் எந்தக் கத்தியும் படவில்லையே, பிறகு எப்படிப் பரவியது?

சரி, எடுக்க முடியாது என்று ஆகிவிட்டால் சோறு இறங்க இரண்டு வழிகள் உண்டு. மதகு அடைத்துக்கொண்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? அதற்குள்ளேயே ஒரு குழாயைச் செருகுவார்கள், இல்லையென்றால் பக்கத்தில் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்புவார்கள். ஸ்டென்ட் முதல் வகை. எண்டோஸ்கோப் வழியாகப் போய் அடைப்புக்குள் விரியும் கம்பி வலைக் குழாய், விரிந்தால் சுமார் 2 செ.மீ. அகலம். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஓரிரு நாளில் கஞ்சி குடிக்கலாம். ஆனால் வலைக்கண் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து மறுபடி அடைக்கலாம், கீமோவில் கட்டி சுருங்கினால் ஸ்டென்ட் நழுவவும் செய்யலாம்.

கரையை வெட்டுவது பைபாஸ் அறுவை. கட்டியை அதன் போக்கில் விட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது. 1881-இல் வியன்னாவில் வுல்ஃப்லர் என்ற அறுவை மருத்துவர் முதலில் செய்தது, இன்றும் நிற்கிறது. சாப்பாடு இறங்க ஒரு வாரம்கூட ஆகலாம், ஆனால் நீடிக்கும். நெதர்லாந்தில் 39 பேரை மட்டும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது: முதலில் வேகமாகச் சாப்பிட்டவர்கள் ஸ்டென்ட்காரர்கள், நாள் போகப்போக நன்றாகச் சாப்பிட்டவர்கள் அறுவைக்காரர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பார் என்றால் அறுவையே மேல் என்றார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. எண்டோஸ்கோப் முனையிலேயே ஸ்கேன் இருக்கும் எண்டோ அல்ட்ராசவுண்ட் வைத்துக் கத்தியில்லாமலே இரைப்பையையும் குடலையும் இணைக்கும் முறையும் சில பெரிய மையங்களில் வந்துவிட்டது.

ஆக, தெம்பாக இருக்கும்போது வந்தால் உங்கள் கையில் மூன்று வழிகள். எலும்பும் தோலுமாக வந்தால் ஸ்டென்ட் ஒன்றுதான் மிஞ்சும். அதையும் வந்த அன்றே போட முடியாது. வாந்தியில் போன உப்பையும் பொட்டாசியத்தையும் முதலில் ஏற்ற வேண்டும். "அட்மிட் பண்ணி ரெண்டு நாளாச்சு, இன்னும் ஏன் போடல" என்று வார்டில் சண்டை போடாதீர்கள். கண் மஞ்சளாக இருந்தால் உடனே சொல்லுங்கள், பித்தக்குழாய் அடைப்பை முதலில் பார்க்க வேண்டும். ஸ்டென்ட் போட்ட பிறகு பித்தக்குழாயின் வாசலுக்குப் போவது பெரும்பாடு. அப்புறம், எல்லா அடைப்பும் புற்றல்ல, பழைய அல்சர் தழும்பும் அடைக்கும். சதைப் பரிசோதனை வராமல் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். "அப்பாகிட்ட அல்சர்னுதான் சொல்லியிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்று காதில் ஓதாதீர்கள். அல்சர் என்று நம்பும் மனிதர் வீட்டுக்குப் போய் வாழைத்தண்டுப் பொரியல் கேட்பார். நாரெல்லாம் வலையில் சிக்கும். ஒருவருக்கு மூன்றாம் வாரமே ஆரஞ்சுச் சுளையும் கீரைத்தண்டும் சேர்ந்து அடைத்து, நான் அதை வழித்தெடுத்திருக்கிறேன்.

பெரியவருக்கு உட்கார்ந்து சொன்னேன். அழவில்லை. ஸ்டென்ட் போட்ட மறுநாள் கஞ்சி இறங்கியது. ரவுண்ட்ஸ் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பழையது சாப்பிடலாங்களா?"

"மிக்சியில் அடிச்சுக் குடிங்க."

"சின்ன வெங்காயம்?"

"வேண்டாங்க."