கிளெஃப்: சாவியோடு பிறந்த சொல்

ஏற்காட்டில் கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சிக்காக நான்கு குரலுக்கும் மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் இசைக்குறிப்பு அடித்தேன். கணினி வாசித்துக் காட்டியபோது டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பெண்குரலோடு மோதியது. எந்தக் கோடு எந்தச் சுரம் என்று வரித் தொடக்கத்தில் காட்டும் குறிதான் கிளெஃப். அதில் சாதாவை வைத்திருந்தேன். டெனருக்கு, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்க வேண்டும் என்று காட்ட, அதன் காலடியில் சின்ன 8 வேண்டும். 8 போட்ட கிளெஃபை இழுத்து அங்கே விட்டேன். ஒலி அப்படியே இருந்தது. சுரப்புள்ளிகள்தான் அவை எழுதப்படும் ஐந்து கோடுகளுக்கு மேலே ஏறி நின்றன. மென்பொருள் ஒலியைக் காப்பாற்றி எழுத்தை நகர்த்திவிட்டது. அப்புறம் முழு வரியையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டியதும் சரியாகிவிட்டது.

கிளெஃப் பிரெஞ்சுச் சொல். மூலம் லத்தீன் 'கிளாவிஸ்', அதாவது சாவி. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி அரெஸ்ஸோவின் குய்தோ, எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டக் கோட்டின் தொடக்கத்தில் மேலை இசையின் சுரப் பெயர்களான எஃப், சி எழுத்துகளை இடும் முறையைப் பரப்பினார். இன்றைய குறிகள் அப்படி இட்ட எழுத்துகள் வளைந்து வந்தவை. நமக்குப் பழகிய வளைவு 'ஜி' எழுத்து. அதன் சுழி கீழிருந்து 2ஆம் கோட்டைச் சுற்றும், அதுதான் ஜி. தாழ்ந்த குரலுக்கான பாஸ் குறியின் இரு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு எஃப்.

நம் வீட்டுச் சாவியும் இதே வயிற்றில் பிறந்ததுதான். போர்த்துகீசிய 'சாவே' வழியாகத் தமிழுக்கு வந்தது, அதற்கும் தாய் கிளாவிஸ். அப்படியானால் கிளெஃபைச் 'சாவி' என்றே சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் இசையில் 'கீ' என்ற சொல் ஏற்கனவே இரண்டு வேலை பார்க்கிறது. ஹார்மோனியத்தில் விரல் படுவது நமக்குக் கட்டை. பாட்டு நிற்கும் உயரம் சுருதி. இரண்டுக்கும் நல்ல தமிழ் இருக்கும்போது மூன்றாவதாக இன்னொரு சாவி வேண்டாம். கிளெஃபுக்கு நான் எழுதுவது சுரத்திறவு. திறவுகோலில் உள்ள திறவுதான். ஜி திறவு, எஃப் திறவு, சி திறவு என்று வாயிலும் எளிதாக வரும்.

மியூஸ்ஸ்கோரில் திறவின் வடிவத்தை மாற்றுவது சுலபம். ஸ்டைல் அமைப்பில் இசை எழுத்துருவை லேலண்டிலிருந்து பெட்டலூமாவுக்கு மாற்றினால் திறவு கையால் எழுதியது போலாகும். சேலத்தில் பாட்டு கற்கும் ஒரு சிறுமி தானே வரைந்த ஜி திறவை இசைக்குறிப்பில் பார்க்க ஆசைப்பட்டாள். திறவைத் தேர்ந்தெடுத்து 'வி' விசையால் மறைத்து, அவள் படத்தை அந்த இடத்தில் ஒட்டினேன். சுழி 2ஆம் கோட்டில் உட்காரும்வரை நகர்த்தினேன். மறைந்திருந்த திறவின்படியே சுரங்கள் ஒலித்தன.