கிளாசிக் நாவல்: ‘செவ்வியல்’ அல்ல, ‘நிலைத்த நாவல்’

‘முடிக்க முடியாமல் போன செவ்வியல் நாவல்கள்’. வாசகர்கள் கூடிப் பேசும் இடமெல்லாம் இந்தத் தொடர் காதில் விழுகிறது. முடிக்காமல் விட்டதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உறுத்துவது ‘செவ்வியல்’ என்ற சொல்தான். மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பாளர்களும், இப்போது அவர்களோடு இயந்திர மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டு, கிளாசிக் என்று கண்ட இடத்திலெல்லாம் இதை ஒட்டிவிடுகிறார்கள்.

கிளாசிக்கின் வேர் லத்தீன். பழைய ரோமில் சொத்து மதிப்பை வைத்துக் குடிமக்களைப் பிரித்த வகுப்புக்கு ‘கிளாஸிஸ்’ என்று பெயர். முதல் வகுப்பைச் சேர்ந்தவர் ‘கிளாஸிகுஸ்’. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ் அந்தச் சொல்லை எழுத்தாளர்மேல் ஏற்றினார். பிறகு அது கிரேக்க, லத்தீன் நூல்களைக் குறித்தது. அங்கிருந்து, பல தலைமுறை மதிப்போடு வாசிக்கப்பட்ட எந்த நூலுக்கும் ஆகிவந்தது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

சிக்கல் இனிமேல்தான். ஆங்கிலத்தில் கிளாசிக்கல் வேறு, கிளாசிக் வேறு. முன்னது ஒரு மரபையும் அழகியலையும் சொல்வது: அளவு, ஒழுங்கு, அடக்கம். பின்னது ஒரு நூல் காலத்தில் பெற்ற இடத்தைச் சொல்வது. ‘செவ்வியல்’ முன்னதற்கு மிகப் பொருத்தமான சொல். செம்மை, இயல் என்ற இரண்டும் சேர்ந்தது. பாட்டும் தொகையும் செவ்வியல் இலக்கியம். பரதம் செவ்வியல் நடனம். இவற்றில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டு வெவ்வேறு கருத்துகளை ஒரே சொல்லில் திணிப்பதைத்தான் மறுக்கிறேன்.

பலரும் பாதியில் வைத்துவிடும் ‘மோபி டிக்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய திமிங்கில வேட்டைக் கதை, 1851இல் வந்தது. இலக்கிய வரலாற்றில் அதன் இடம் அமெரிக்கக் கற்பனாவாதம் (ரொமான்டிசிசம்). அதாவது, செவ்வியலுக்கு நேர் எதிராக வைத்துப் பேசப்படும் போக்கு. அதைச் ‘செவ்வியல் நாவல்’ என்றால், கற்பனாவாதச் செவ்வியல் என்று பொருள்படும். மாணவர் ஒருவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? போதாக்குறைக்கு நாவலைப் புதினம் என்றும் சொல்கிறோம். புதியது என்ற பொருளில் பிறந்த சொல் அது. ‘செவ்வியல் புதினம்’ என்று எழுதும்போது இரண்டு சொற்களும் ஒன்றையொன்று முட்டிக்கொள்வது எழுதுகிறவர் காதில் விழவில்லையா?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. செம்மை என்றால் குறையின்மை. நூலில் குறையில்லை என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிட்டால், பாதியில் விட்டவர்மேல்தான் குறை என்றாகிறது. மோபி டிக்கில் 135 அத்தியாயங்கள். 32ஆவது அத்தியாயத்தில் கதை நின்றுவிடும். கதைசொல்லி திமிங்கிலங்களை ஃபோலியோ, ஆக்டேவோ, டுவோடெசிமோ என்று அச்சுப் புத்தக அளவுகளின் பெயரால் வகை பிரித்துப் பக்கம் பக்கமாகப் போவார். வேட்டைக் கதை கேட்க வந்த வாசகர் சோர்ந்துபோகும் இடம் இது. அதே அத்தியாயத்தின் முடிவில் அவர் சொல்வதைப் பாருங்கள்: எதையும் முழுமையாக்கிவிடாதபடி கடவுள் என்னைக் காக்கட்டும், இந்தப் புத்தகம் முழுவதுமே ஒரு வரைவுதான், இல்லை, வரைவின் வரைவு. தன்னை வரைவு என்று தானே அறிவித்துக்கொண்ட நூலின் தலையில் நாம் செம்மையைச் சுமத்துகிறோம். அந்த நூலின் வலிமையே அதன் அடங்காமைதான். ‘செவ்வியல்’ என்ற சொல் அதையும் மறைத்துவிடுகிறது.

சிலர் ‘காலத்தால் அழியாத நாவல்’ என்கிறார்கள். வருங்காலத்துக்கு யார் பிணை கொடுப்பது? ‘அமர காவியம்’ சுவரொட்டி மொழி. நாவல் காவியமும் அல்ல. ‘செம்மொழி நாவல்’ என்றும் பார்த்தேன். 2004இல் மைய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்த பிறகு பரவிய சொல்லை, மொழிக்கும் நூலுக்கும் வேறுபாடு தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நான் எழுதுவது ‘நிலைத்த நாவல்’. இந்தச் சொல் தீர்ப்புச் சொல்லாது, நடந்ததைச் சொல்லும். வந்தது, வாசித்தார்கள், இன்னும் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். மோபி டிக் வந்தவுடன் நிலைக்கவில்லையே என்று கேட்கலாம். சரிதான். அது சரியாக விற்கவில்லை; 1891இல் மெல்வில் இறந்தபோது அவரை நினைத்தவர்கள் சிலரே. 1920களில்தான் வாசகர்கள் அதைத் தேடி வந்தார்கள். அதனால்தான் ‘நிலைத்த’ என்ற இறந்தகாலப் பெயரெச்சம் வேண்டும் என்கிறேன். நிலைப்பது நூலோடு கூடப் பிறக்கும் குணம் அன்று. வாசகர்கள் தருவது, சில நேரம் தாமதமாகத் தருவது.

இங்கே நாம் மறந்துவிட்ட சொல் ஒன்று இருக்கிறது: செவ்வி. ‘மலரினும் மெல்லிது காமம் சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்’ என்கிறது குறள். செவ்வி என்றால் ஏற்ற பருவம், கனிந்த வேளை. மோபி டிக்குக்கு அந்த வேளை வர எழுபது ஆண்டுகள் ஆயின. தனி வாசகருக்கும் அப்படி ஒரு வேளை உண்டு. அதற்கு முன்னால் மூடி வைத்தவரை, ‘படித்தே ஆகவேண்டிய நூறு நாவல்கள்’ என்று பட்டியல் நீட்டி மிரட்டுவதில் பயனில்லை. ‘கைவிட்டேன்’ என்று அவர் குற்றவுணர்ச்சியோடு சொல்லவும் வேண்டாம். நம்பி வந்தவரை விடுவதுதான் கைவிடுதல். ‘செவ்வி வாய்க்கவில்லை’ என்று சொல்லலாம். பேச்சில் ‘பாதியில வச்சுட்டேன்’ என்பதே போதும்.

ஆகவே இசைக்கும் நடனத்துக்கும் சங்கப் பாட்டுக்கும் செவ்வியல் என்றே எழுதுங்கள். நாவலுக்கு ‘நிலைத்த’ என்று எழுதுங்கள். அதற்கும் மனம் வராவிட்டால், கிளாசிக் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள்; தவறான தமிழுக்கு அது மேல்.